நெடுஞ்சுனைக் கரையில் அணைக்காமல் விட்ட அடுப்பு

ராசிபுரம் நெய் வியாபாரி பாலசுந்தரத்தின் வீட்டில் 1927-ஆம் வருஷம் வைகாசி மூன்றாம் தேதியிலிருந்து தீ எரியவில்லை. அன்று காலை அவர் மனைவி பெரியநாயகி அடுப்பு மூட்டுவதற்காக ஒரு பெட்டித் தீக்குச்சி முழுவதையும் உரசித் தீர்த்தாள். ஒவ்வொரு குச்சியும் சீறியது, கந்தக வாசனை வந்தது, சுடர் மட்டும் வரவில்லை. புதுப் பெட்டி வாங்கி வந்து உரசினார்கள். பக்கத்து வீட்டுக்காரி தேங்காய்த் தொட்டியில் கங்கு எடுத்து வந்தாள். நிலைப்படி தாண்டியதும் அது கரியாகிவிட்டது, தொட்டால் சூடுகூட இல்லை. சாமி மாடத்து விளக்கு, புறக்கடை வெந்நீர் அடுப்பு, வெண்ணெய் உருக்கும் பெரிய அடுப்பு எல்லாவற்றுக்கும் அதே கதிதான். மத்தியானத்துக்குள் சமாச்சாரம் தெருவுக்குத் தெரிந்தது, சாயங்காலத்துக்குள் காரணமும் தெரிந்தது. யாரும் பெரிதாக வியந்து போனதாகத் தெரியவில்லை. முந்தின நாள் கூகைமலை அடிவாரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை நடந்தே வந்து அவர் வாசலில் ஒரு கைப்பிடிச் சாம்பலைப் போட்டுவிட்டுப் போனதைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள்.

அவள் பெயர் சென்னியம்மாள். வயது இருபத்தாறு. கூகைமலைக் காட்டுக்குச் சர்க்கார் வைத்திருந்த வாட்சர் நாச்சிமுத்துவின் மனைவி. முந்தின மாதம் வரைக்கும் மனைவி, பிறகு விதவை. கூகைமலை வெண்ணந்தூரைத் தாண்டி இருக்கிறது. உச்சியில் நெடுஞ்சுனை என்று ஓர் ஏரி, கோடையிலும் வற்றாது. சுற்றிலும் வேங்கையும் கடுக்காயும் மூங்கிலுமாக ரிசர்வ் காடு. கீழே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் சனங்கள் சித்திரை, வைகாசியில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மேலே ஏறுவார்கள். கரையில் ஒரு கல் சாமியும் உண்டு, ஆகையால் குளிர்ச்சிக்குப் போகிறவர்களும் சாமி கும்பிடப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்களை அடிவாரத்தில் நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்புவது நாச்சிமுத்துவின் வேலை. தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தெற்குக் கரைப் பாறை வழுக்கும், அதற்கு அப்பால் ஆளை விழுங்குகிற ஆழம், இறங்காதீர்கள். ஏரியில் சீயக்காய் தேய்த்துக் குளிக்காதீர்கள். குரங்குக்குச் சோறு போடாதீர்கள், நாளைக்கு வருகிறவன் கையை அது கடிக்கும். பச்சை மரத்தில் கை வைக்காதீர்கள். சாப்பிட்ட இலையை மடித்துக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அடுப்பு மூட்டினால் கரை மணலில் மூட்டுங்கள், கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிச் சாம்பலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், கை பொறுத்தால்தான் கிளம்ப வேண்டும். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள். இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். இருபதாவது தடவையும் அலுத்துக்கொள்ள மாட்டார். குடிசைக்குள் இருந்து கேட்டுக் கேட்டுச் சென்னியம்மாளுக்கும் அது மனப்பாடமாகியிருந்தது. சொல்லி அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போய் எச்சில் இலை பொறுக்கிக்கொண்டும் வருவார், ஏனென்றால் சனங்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சித்திரைக் கடைசியில் பாலசுந்தரமும் அவர் பங்காளிகளுமாக ஏழு குடும்பம் கல் சாமிக்குப் பொங்கல் வைக்க ஏறினார்கள். இவர்கள் தறிக்காரர்கள். பாலசுந்தரம் தலையெடுத்த பிறகுதான் தறியை விட்டு நெய்க்கு வந்தார். அந்தப் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குப் பொங்கின அடுப்பில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஊற்றினால் குடும்பம் பொங்குவது நின்றுபோகும், அடுப்பு தானாகத் தணிகிற வரைக்கும் அது சாமியுடையது என்பார்கள். ஊர்க் கோயில் வாசலில், நாலு பக்கமும் மண் தரையாக இருக்கிற இடத்தில், இந்த வழக்கத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. முழங்கால் அளவு சருகு கிடக்கிற மலைக்கும் அது செல்லும் என்று நினைத்தார்கள். கரை மணலில் வெயில் சுட்டதால் மூங்கில் நிழலில் ஏழு அடுப்பும் வரிசையாகப் போட்டார்கள். நாச்சிமுத்து வந்து சொன்னார், கெஞ்சினார். அணைத்துவிட்டுத்தான் இறங்குவோம், நீங்கள் போங்கள் என்று பாலசுந்தரம் வாக்குக் கொடுத்தார். பெரியநாயகிக்கு மட்டும் மனசு கேட்காமல் கிளம்புகிற நேரத்தில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்தாள். பாலசுந்தரம் அதை அவள் கையிலிருந்து வாங்கி ஏரியிலேயே திரும்பக் கொட்டினார்.

அவர்கள் அடிவாரத்துக்கு வந்து சேரும்போது மேல்காற்று எழும்பியிருந்தது. புகையைப் பார்த்ததும் நாச்சிமுத்து அவர்களைத் தாண்டிக்கொண்டு மேலே ஓடினார். வெண்ணந்தூரிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு போவதற்குள் மலை பாதி எரிந்துவிட்டது. மறுநாள் அவரை ஏரிக்கு இருபது அடி தூரத்தில் கண்டெடுத்தார்கள். கையில் தீ அடிக்கிற பச்சைக் கொம்பு இருந்தது. தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் பிழைத்திருப்பார். இறங்கவில்லை, ஏனென்றால் தீ அப்போது இன்னும் கிழக்குச் சரிவுக்குப் போகவில்லை, அவர் அதைத் தடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சரிவு எரியாமல் தப்பியது.

விசாரணைக்கு வந்த அதிகாரி அடிவாரத்தில் ஒரு மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏழு அடுப்புக் கல்லும் சாம்பலோடு வரிசையாக இருந்ததைக் கண் உள்ள யாரும் பார்த்திருக்கலாம். அதிகாரிக்கு மேலே ஏறி வரும் உத்தேசம் இல்லை. பாலசுந்தரத்தைக் கேட்டார். நாங்கள் அணைத்துவிட்டுத்தான் இறங்கினோம், வாட்சர் கையில் பீடி பார்த்தேன் என்று பாலசுந்தரம் சொன்னார். கூட இருந்த ஆறு பங்காளிகளும் பார்த்தோம் என்றார்கள். ரேஞ்ச் ஆபீஸ் குமாஸ்தா உபகாரசாமி, சேலத்துக்காரர், அழகான கையெழுத்து, அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினார். காவல் பணியிலிருந்த வாட்சர் அஜாக்கிரதையாகப் பீடி குடித்ததால் காடு எரிந்தது என்று ரிஜிஸ்டரில் ஏறிவிட்டது. நாச்சிமுத்து வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. அது வெண்ணந்தூர் சந்தைக்கே தெரியும். சந்தையை யாரும் விசாரிக்கவில்லை. வாட்சர் குடிசையைக் காலி செய்யும்படி சென்னியம்மாளுக்கு உத்தரவு வந்தது. அவள் அன்றைக்கு மேலே ஏறி, ஏழில் நெய் வழிந்து கறுத்திருந்த பாலசுந்தரத்தின் அடுப்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு பிடி சாம்பலை முந்தானையில் முடிந்துகொண்டு ராசிபுரத்துக்கு நடந்தாள்.

அவள் சத்தம் போடவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மோர் வாங்க வந்தவள் மாதிரி வாசலில் நின்று, வியாபாரி வெளியே வரும் வரைக்கும் காத்திருந்தாளாம்.

"எங்கூட்டுக்காரரு பீடி குடிக்க மாட்டாருங்க" என்றாள். "நீங்க அணைக்காம உட்ட தீயில செத்தாருங்க. அத உங்க வாயால சொல்ற வரைக்கும் உங்க ஊட்டுல தீ எரியாதுங்க. வாரேனுங்க."

சாம்பலைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். பலிக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெண்ணந்தூர் சந்தைக்கு வந்த ராசிபுரத்துக்காரர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டு, வாங்க வந்த உப்பையும் மிளகாயையும் வாங்கிக்கொண்டு குடிசைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாச்சிமுத்து செத்த பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துபோகிற காரியம்தான். பாலசுந்தரம் சொல்லவில்லை. பொய் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்கு இருந்ததா என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. சாமி அடுப்பில் தண்ணீர் ஊற்றாதது சரிதான் என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார், அந்தச் சரியின் நிழலில் மற்றதையும் ஒதுக்கி வைத்துவிட்டார். போகப்போகத் தீயின் போக்கு பிடிபட்டது. அவர் வீட்டுக் கூரைக்குக் கீழே எப்போதும் எரியாது. வெளியில் அவர் நிற்கும் இடத்திலிருந்து பத்தடிக்குள் எரியாது. நெய் உருக்கும் கொட்டகையை மைத்துனர் இடத்துக்கு மாற்றினார், ஆனால் தன் அடுப்பைத் தானே எட்டிப் பார்க்க முடியாத முதலாளி ஆனார். பெரியநாயகி பக்கத்து வீட்டுப் புறக்கடையில் சமைத்து எடுத்து வந்தாள். கோயிலில் அவர் கர்ப்பக்கிரகத்துக்கு நேரே வந்தால் விளக்கு அவிந்துபோகும். குருக்கள் ஒரு நாள் பக்குவமாக, கொடிமரத்தோடு நின்று கும்பிட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். மகன்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தபோது ஓமம் அவிந்துவிடும் என்பதால் அப்பா அடுத்த தெருவில் ஒரு வேப்ப மரத்தடியில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். தாலி கட்டியாயிற்று என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். மேட்டூர் கரண்டு ராசிபுரத்துக்கு வந்த வருஷம் ஆசையாக வீட்டுக்குக் கம்பி இழுத்தார். கரண்டு வேறு, நெருப்பு வேறு என்பது அவர் நம்பிக்கை. பல்பு அப்படி நினைக்கவில்லை.

சென்னியம்மாள் அடிவாரத்தை விட்டுப் போகவில்லை. சர்க்கார் எல்லைக் கல்லுக்கு ஓரடி இந்தப் பக்கம் பனையோலையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். கல்லுக்கு வெளியே இருப்பவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. புதிது புதிதாக வாட்சர்கள் வந்தார்கள், போனார்கள். மலை ஏறுகிறவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டியதைச் சொன்னவள் அவள்தான். புருஷன் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். ஒன்றே ஒன்றை மாற்றினாள்: காட்டுக்குள் அடுப்பே கிடையாது, சமைத்ததைக் கொண்டு போங்கள் என்றாள். இடுப்பில் தீப்பெட்டி வைத்திருப்பவனைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து வாங்கி வைத்துக்கொள்வாள், இறங்கும்போது திருப்பிக் கொடுப்பாள். சேலத்து மாதா கோயில் கூட்டத்தார் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாலும், வெள்ளைக்கார துரைகள் துப்பாக்கியோடு வந்தாலும் முழுக்கச் சொல்லி முடிக்கிற வரைக்கும் வழி விட மாட்டாள். அவளுக்குச் சனங்கள் மேல் பிரியம் என்று சிலர் நினைத்தார்கள். பிரியம் எல்லாம் இல்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ராசிபுரத்துக்காரரின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால்தான் ஒரு எழுத்து பிசகாமல் வந்தது.

அந்த வருஷங்களில் ஏரியும் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தது. கரையில் விட்டு வருகிற எதையும் அது வைத்துக்கொள்வதில்லை. எச்சில் இலையைப் போட்டுவிட்டு வந்த ஆத்தூர்க் குடும்பம் வீட்டுக் கதவைத் திறந்தபோது இலைகள் அவரவர் பாயில் சோற்றுப் பருக்கையோடு விரித்துக் கிடந்தன. சீயக்காய் தேய்த்துக் குளித்த ஒருவருடைய கிணற்றில் நாலு மாதம் நுரை நின்றது. தெற்குக் கரைப் பாறைக்கு அப்பால் இறங்காதே என்றதை மீறி இறங்கிய ஒருத்தனை மட்டும் ஏரி திருப்பி அனுப்பவில்லை. சொன்னதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் ஏறினபடியே இறங்கினார்கள், பதினைந்து வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. அதனாலேயே நெடுஞ்சுனைக்குப் போகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் அதிகமானது.

நாலாம் வருஷம் பெரியநாயகி வந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, மற்றவர்கள் ஏறிய பிறகு நின்றுகொண்டாள். அவள் கைகளில் அடுத்தவர் புறக்கடையின் கரி ஏறியிருந்தது.

"நான் பாத்தனுங்க அக்கா. கொடத்தோட நின்னது நாந்தானுங்க. ரேஞ்சர் ஆபீசுல வந்து சொல்லிப்போடட்டுங்களா?"

சென்னியம்மாள் அவளைக் குடிசைத் திண்டில் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு அந்தப் பெண் மேல் கோபம் இல்லை, இரக்கம்கூட இருந்தது. ஆனாலும் மனசு இளகவில்லை.

"உங்க வாயில வர வேண்டாமுங்க. அது எனக்குப் பத்தாதுங்க. அவுரு வாயில வரணும்."

"இன்னொருத்தி ஊட்டு அடுப்படியில நிக்கறதுக்குக் கூசுதுங்க அக்கா."

"தெரியுமுங்க" என்றாள் சென்னியம்மாள். பெரியநாயகி தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு இழைத்தது அநியாயம் என்பது சென்னியம்மாளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துதான் செய்தாள்.

எட்டாம் வருஷத்தில் எரிச்சல் மூட்டுகிற ஒன்று நடந்தது. ராசிபுரத்தில் அந்தக் காலத்தில் தீயணைக்க வண்டி கிடையாது, பாலசுந்தரம் இருந்தார். ஒரு வைக்கோல் போர் பற்றிக்கொண்டபோது தற்செயலாக அந்த வழியே போனவர் நின்று பார்த்தார், அது அவிந்தது. அன்று முதல் எங்கே கூரை எரிந்தாலும் முதலில் அவரைத்தான் ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். அவரும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து நிற்பார். தறிக் கொட்டகைகள் தப்பின, சாயப் பட்டறை ஒன்று தப்பியது. வெண்ணந்தூர்ப் பக்கமிருந்து ஆட்டுப்பட்டிக்காரர்கள்கூட வில்வண்டி அனுப்பி அழைத்துப் போனார்கள். சனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். தன் சாபம் அவருக்கு மாலை வாங்கிக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று சென்னியம்மாள் கையிலிருந்த சட்டியைத் தரையில் அடித்து உடைத்தாள். அவ்வளவு ஆத்திரம்.

அடுத்த பங்குனியில் கூகைமலையிலேயே தீப்பிடித்தது. மேற்குச் சரிவு வழியாகத் திருட்டுத்தனமாக ஏறிய யாரோ மூங்கிலுக்கு வைத்த தீ. எரிந்த இடத்தில் எட்டு வருஷமாக முளைத்து இடுப்பளவு வந்திருந்த கன்றுகளை நோக்கி அது போய்க்கொண்டிருந்தது. ரேஞ்சர் தன் வில்வண்டியிலேயே பாலசுந்தரத்தைக் கூட்டி வந்தார். சென்னியம்மாள் எல்லைக் கல்லருகே நின்று பார்த்தாள். நிறுத்துகிறவள் இன்றைக்கு நிறுத்துவாளா என்று ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வழக்கமாகச் சொல்வதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் அவருக்கும் சொன்னாள், இப்போது வேறு யாருக்கும் சொல்லாத, சாம்பலுக்குள் கை விட்டுப் பார்ப்பதையும் சேர்த்து. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். பிறகு ஏறி இரண்டு பகல் முழுக்க நெருப்புக்குள் நடந்தார். போகிற வழியெல்லாம் தீ இரண்டு பக்கமும் தரையோடு படுத்துக்கொண்டது. வேட்டி நுனிகூடக் கருகவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் கடைசிப் பொறியும் அவிந்த இடம் ஏரிக்கு இருபது அடி தூரத்தில் இருந்தது. சென்னியம்மாள் அங்கே முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பச் சொல்லிப்போடுங்க" என்றாள். "இத்தோட முடிஞ்சு போச்சுதுங்க."

பாலசுந்தரத்துக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "ஏனம்மணி, காட்டையே காப்பாத்திக் குடுத்துருக்கறேன். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லோணும்?"

"காட்டுக்குக் குடுத்தீங்க. எனக்கு ஒண்ணுங் குடுக்கலீங்களே."

அவர் வாய் திறந்தது. அந்த நேரத்தில் பின்னால் வெண்ணந்தூர்க்காரர்கள் மாலையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நாச்சிமுத்து செத்து விழுந்த மண்ணில் நின்றுகொண்டே அந்த மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். அதுவரைக்கும் சென்னியம்மாளுக்கு இருந்தது துக்கம் கலந்த கோபம். அன்றைக்குப் பிறகு துக்கம் வடிந்துபோய்க் கோபம் மட்டும் தெளிந்து நின்றது. எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. காட்டுக்குக் காவல் இருக்கிறவளுக்குக் காத்திருப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலசுந்தரம் 1942-ஆம் வருஷம் புரட்டாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பழைய சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தவர், அப்படியே செத்துப்போனார். அவர்களில் எரிப்பதுதான் முறை. மத்தியானம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டை அடுக்கினார்கள். மூத்த மகன் கொள்ளி வைத்தான், அவிந்தது. யுத்த காலம், மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, இருந்தாலும் அங்கே இங்கே கேட்டு ஒரு டின் ஊற்றினார்கள். அவர் கடை நெய்யையே நாலு டின் ஊற்றினார்கள். வெட்டியான் தன் சர்வீசில் எத்தனையோ ஈர விறகு பார்த்திருக்கிறேன், இது விறகுக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டான். புதைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். பங்காளிகள் அவரை முறைத்தார்கள். பொழுது சாய்வதற்கு முன் மகன் கூகைமலைக்கு வண்டி கட்டினான்.

சென்னியம்மாளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அவன் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"நாங்க எழுதிக் குடுத்தர்றமுங்க" என்றான் மகன். "அப்பா செஞ்சது தப்புன்னு நானே கையெழுத்துப் போடறனுங்க."

"நீங்க அன்னைக்கு மலைக்கு வந்திருந்தீங்களா?"

"இல்லீங்க. நான் பொடியன். ஊட்டுல உட்டுட்டுப் போயிட்டாங்க."

"பொறவு உங்களுக்கு என்ன சாமி தெரியும்?" என்றாள் அவள் தன்மையாக. "நாளைக்குப் பொரட்டாசிச் சனிக்கிழமை. மலைக்குக் கூட்டம் வரும். ஞாயித்துக்கெழமை வாரேன். ரேஞ்சு ஆபீசுக் குமாஸ்தாவ ரிஜிஸ்டரோட வரச் சொல்லுங்க."

சனிக்கிழமை எண்ணூறு பேர் ஏறினார்கள், எண்ணூறு பேரும் இறங்கினார்கள். பிணம் கட்டை மேலேயே கிடந்தது. புரட்டாசி வெயிலுக்கும் கெடவில்லை, ஒரு ஈகூட உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் பஸ்ஸில் வந்து இறங்கிச் சுடுகாட்டுக்கு நடந்தாள். பெண்கள் அங்கே வருகிற வழக்கம் இல்லை. யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை, அவளுக்குப் பின்னால் பெரியநாயகி வந்ததையும் தடுக்கவில்லை. உபகாரசாமி ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தலை நரைத்துவிட்டது, அடுத்த மாதம் ரிட்டயர் ஆகப் போகிறவர். அன்றைக்கு எழுதிய வரி பொய் என்பது எழுதும்போதே தமக்குத் தெரியும் என்று அவர் யாரும் கேட்காமலே சொன்னார். சென்னியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேனா மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

அவள் பிணத்தின் தலைமாட்டில் போய்க் குனிந்தாள்.

"நானுங்க. வாட்சர் பொஞ்சாதி."

காக்கைகள் கத்தின. அவள் இன்னொரு தடவை கூப்பிடவில்லை, நிமிரவும் இல்லை. உச்சிப்பொழுது ஆகும்போது பாலசுந்தரம், கண்ணைத் திறக்காமல், தூக்கத்தில் எழுப்பப்பட்டவருடைய சலிப்போடு பேசினார்.

"பீடி இல்ல."

"கேக்கலீங்க. சத்தமாச் சொல்லுங்க."

"அவன் பீடி குடிக்க மாட்டான்."

"அவன் இல்லீங்க" என்றாள் சென்னியம்மாள். "அவுரு. மொதல்ல இருந்து சொல்லுங்க."

பிணம் ஒரு பெருமூச்சு விட்டது என்று சிலரும், அது காற்று என்று சிலரும் சொன்னார்கள். பிறகு பாலசுந்தரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "வாட்சர் நாச்சிமுத்து பீடி குடிக்க மாட்டாருங்க. அடுப்பு என்னுதுங்க. தண்ணி ஊத்தச் சொன்னாரு. சரின்னு சொல்லிப்போட்டு ஊத்தாம வந்தனுங்க. ஊத்த வந்தவளையும் தடுத்தனுங்க."

சென்னியம்மாள் அதை மூன்று தடவை சொல்ல வைத்தாள். ஒரு தடவை போதாதா என்று மகன் முணுமுணுத்தான். அவளுக்குப் போதவில்லை, பதினைந்து வருஷத்துக்கு மூன்று தடவை என்பதே குறைச்சல் என்று தோன்றியது. உபகாரசாமி எழுதி, வாசித்துக் காட்டினார். கை விறைத்திருந்ததால் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினார். பிற்பாடு சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி, வாக்குமூலத்தின் தேதி மரணத் தேதிக்கு இரண்டு நாள் பிந்தி இருக்கிறதே என்று கேட்டு எழுதினார். ஆம், சரிதான் என்று பதில் போயிற்று. பழைய வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, வாட்சர் காட்டைக் காப்பாற்றும் பணியில் உயிர்விட்டார் என்று மேலே எழுதினார்கள். அந்தப் பக்கத்தில் பெருவிரல் ரேகை இன்னும் இருக்கிறது.

மகன் உரசிய முதல் குச்சியே பற்றியது. நெய்யும் மண்ணெண்ணெயும் ஊறிய கட்டை, தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது, எல்லோரும் பின்வாங்கினார்கள். சென்னியம்மாள் பின்வாங்கவில்லை. முகம் சுடச் சுட நின்று கடைசி வரைக்கும் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் அவமானத்தைச் சுமந்துகொண்டு கொஞ்ச நாள் தெருவில் நடந்திருப்பார், அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்ற ஒரு குறை மட்டும் இருந்தது.

பெரியநாயகி அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தாள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் சென்னியம்மாள் அந்தத் தெருவைத் தாண்டும்போது ஓட்டுக்கு மேலே புகை தெரிந்தது. சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாளைக்கு அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். பெரியநாயகி குளித்த ஈரம் சொட்டச் சொட்ட அடுப்படியில் உட்கார்ந்து உலை வைத்திருந்தாள். தெருப் பெண்கள் வாசலில் கூடி, கேட்பதா விடுவதா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்திதான் யோசித்துச் சொன்னாள்: இந்த வீட்டில் பதினைந்து வருஷமாக அடுப்பு எரியவில்லை, பதினாறு நாள் துக்கத்தை இவள் என்றைக்கோ காத்து முடித்துவிட்டாள். மற்றவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. கொண்டுவந்த சோற்றுச் சட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.